பின்சக்கரம் தள்ளும் காருக்குக் கடிவாளம் எதற்கு?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "ஸ்கூட்டியைத் தவிர வேறு வண்டியைத் தொடாத டீச்சருக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஓட்டத் தெரியாதுதான். படிக்கத் தெரியும் இல்லையா? ஓய்வு பெற்ற பிறகு அதற்குத்தானே நேரம் இருக்கிறது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் (பெயர் சொல்ல மாட்டேன், அவன் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்) போன மாதம் 2018-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றைக் கைமாற்றாக வாங்கினான். 5 லிட்டர் வி-8 எஞ்சின், 460 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் கேட்டான்: "டீச்சர், இதுல டிராக்ஷன் கண்ட்ரோல்னு ஒரு பட்டன் இருக்கு. நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டுவான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நெஜமா?" அந்தப் படத்தில் பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. "அணைக்காதே" என்று ஒரே சொல்லில் அப்போதே பதில் போட்டுவிட்டேன். ஆனால் ஏன் என்று சொல்லாத பதில் பதிலே இல்லை என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! அந்த 'ஏன்' தான் இந்தப் பதிவு. அதற்கு ஏறக்குறைய 90 ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் கொஞ்சம் அறிவியல். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? பாசி படிந்த கிணற்றடியில் மெதுவாக நடந்தால் கால் நிற்கும். திடீரென்று ஓட எத்தனித்தால் கால் பின்னால் வழுக்கும். வழுக்கத் தொடங்கிய பிறகு, வழுக்குவதற்கு முன் இருந்த பிடிகூட இருக்காது. நிலை உராய்வைவிட நழுவு உராய்வு குறைவு என்பது அதுதான். கார் டயரும் அப்படியே. மிகச் சிறிதளவு நழுவும்போது அதன் பிடி உச்சத்தில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிச் சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால் பிடி சரிந்துவிடும்.

டயரின் பிடிமானத்தை நம் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கும் மளிகைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். காரை முன்னே தள்ளுவது வாடகை என்றால், வளைவில் பக்கவாட்டில் சறுக்காமல் பிடிப்பது மளிகை. ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்து மொத்தச் சம்பளத்தையும் வாடகைக்கே கொடுத்துவிட்டால், பக்கவாட்டுப் பிடிக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. பின்சக்கர இயக்கக் காரில் அப்போது வால் வெளியே வீசும். சில வினாடிகளில் வண்டி வந்த திசையைப் பார்த்தபடி திரும்பி நிற்கும்.

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஏன் பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொடுக்கிறார்கள்? வேகமெடுக்கும்போது காரின் எடை பின்பக்கம் சாய்கிறது. எடை கூடும் இடத்தில் பிடியும் கூடும். முன்சக்கரங்களும் திருப்புகிற வேலையை மட்டும் பார்த்தால் போதும். வேலைப் பங்கீடு நல்லதுதான். நம் ஊர் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர இயக்கம்தான், என் தம்பி 12 வருடம் டாக்சியாக ஓட்டியதும் அம்பாசடர்தான். அது வால் வீசியதாக நான் கேட்டதில்லை. அதன் எஞ்சினில் இருந்தது சுமார் 50 குதிரைகள், அவையும் வயதான குதிரைகள். பிடியை மீறும் அளவுக்குச் சக்தி இருக்கும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

அந்தச் சிக்கல் முதலில் பெரிதாக எழுந்தது ஜெர்மனியில், 1930-களில். ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒரு பந்தயக் காரை வடிவமைத்தார். ஓட்டுநருக்குப் பின்னால் 16 சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம். 1936-இல் அதன் சக்தி 500 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டது. டயர்களோ அந்தக் காலத்து ஒல்லி டயர்கள். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுகூட ஒரு பின்சக்கரம் பிடியை விட்டு வெறுமனே சுழலுமாம். போர்ஷே என்ன செய்தார்? 1935-இல் இசட்எஃப் என்ற பல்சக்கர நிறுவனத்திடம் போய், ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்று சக்தியை வீணடிக்காமல் தடுக்கும் டிஃபரன்ஷியலைச் செய்துதரச் சொன்னார். இன்று 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்று பந்தயக்காரர்கள் பெருமையோடு சொல்லும் பொருளின் வரலாற்றில் இது முக்கியமான இடம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மின்னணுக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் உட்காரும் காருக்கு, "ஓட்டுநரின் கால் மட்டும் போதாது, இயந்திரமும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று முடிவு செய்தவர் அந்தக் காரை வடிவமைத்தவரேதான். "அந்தக் காலத்தில் எல்லாம் திறமையில்தான் ஓட்டினார்கள்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அந்தப் போர்ஷேயின் பெயரைத் தாங்கிய நிறுவனமே பிறகு இன்னொரு பாடத்தையும் தந்தது. 1963-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட 911 காரில் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும். 130 குதிரைத்திறன் இருந்தவரை சமாளிக்கலாம். 1974-இல் அதற்கு டர்போ பூட்டி 260 குதிரைத்திறன் ஆக்கினார்கள். 1978 மாடலில் 300. அந்தக் கால டர்போ உடனே வேலை செய்யாது. நீங்கள் மிதிப்பீர்கள், ஒன்றும் நடக்காது, இன்னும் மிதிப்பீர்கள், பிறகு மொத்தச் சக்தியும் ஒரே நொடியில் வந்து இறங்கும். வளைவின் நடுவில் அது வந்தால் வால் வீசும். பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரம் இலகுவாகி இன்னும் மோசமாக வீசும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். நம் மொழியில் சொன்னால் 'தாலியறுப்பான்'. அந்தச் சொல்லை எழுதவே கூசுகிறது, ஆனால் வரலாறு அதுதான். 1995-இல் வந்த புதிய 911 டர்போவில் போர்ஷே நிறுவனமே நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இதற்கிடையில் மின்னணுவியல் வந்து சேர்ந்தது. 1971-இல் அமெரிக்காவின் பியூயிக் நிறுவனம் 'மேக்ஸ்ட்ராக்' என்ற ஏற்பாட்டைக் கொடுத்தது. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வது தெரிந்தால் எஞ்சினின் சக்தியைக் கொஞ்சம் வெட்டிவிடும். காலத்துக்கு முந்திய பொருள், நிலைக்கவில்லை. உண்மையான அடித்தளம் 1978-இல், மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் பிரேக் வந்தபோது போடப்பட்டது. சக்கரங்களோடு சுழலும் பல்வளையங்கள், அவற்றின் வேகத்தை எண்ணும் உணரிகள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்றுபோகிறதா என்று பார்க்க வைத்த அதே உணரி, வேகமெடுக்கும்போது சக்கரம் மிகையாகச் சுழல்கிறதா என்றும் சொல்லும் அல்லவா? இந்த ஒரு யோசனையிலிருந்து பிறந்ததுதான் இன்றைய டிராக்ஷன் கண்ட்ரோல். சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கை லேசாகப் பிடிக்கும், தேவைப்பட்டால் எஞ்சினையும் அடக்கும். 1980-களின் பிற்பாதியில் மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ பெரிய கார்களுக்கு வந்தது. 1992-இல் அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் எல்லா வண்டிக்கும் பொருத்தியே கொடுத்தார்கள். அந்தக் கார்வெட்டில் சக்கரம் சுழலத் தொடங்கினால் ஆக்சிலரேட்டர் பெடல் ஓட்டுநரின் காலைத் திருப்பித் தள்ளுமாம். கையைப் பிடித்து எழுத வைக்கும் டீச்சர் மாதிரி!

ஆனால் டிராக்ஷன் கண்ட்ரோலால் எல்லாம் ஆகாது. சக்கரம் சுழல்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது. மேலே சொன்ன 911 காரில், காலை எடுத்ததால் வீசுகிற வாலை அதனால் தடுக்க முடியாது. அதற்கு அண்ணன் ஒருவன் வேண்டியிருந்தது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் 600 கூப்பேயில் வந்த இஎஸ்பி அதுதான். ஸ்டீயரிங் எங்கே திருப்பப்பட்டிருக்கிறது, கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் தேவையான ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து நேராக்கும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடிப்பது எந்த மனிதனாலும் முடியாது. நமக்கு இருப்பது ஒரே பெடல்தானே. பாஷ் நிறுவனத்தில் இதை உருவாக்கிய குழுவை நடத்திய ஆன்டன் வான் ஸான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது வாழ்நாள் சாதனைக்காகக் கொடுத்தார்கள். 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் மெர்சிடிஸின் சின்ன ஏ-கிளாஸ் கார் குப்புறக் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸ் காருக்கும் இஎஸ்பி பொருத்திக் கொடுத்தது. அது முன்சக்கர இயக்கக் கார். ஆனாலும் பணக்காரர் பொருளாக இருந்த இஎஸ்பி சாதாரணக் காருக்கு இறங்கி வந்தது அந்தக் கவிழ்ச்சியால்தான்.

எதிர்க்கட்சிக்கும் நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். அவர்கள் சாமானியர்கள் இல்லை.

1992-இல் இரண்டு கார்கள் பிறந்தன. ஒன்று இங்கிலாந்தில், கார்டன் மரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்1. பிஎம்டபிள்யூவின் 6.1 லிட்டர் வி-12, 627 குதிரைத்திறன், ஓட்டுநர் நடுவில் உட்காருவார். ஏபிஎஸ் இல்லை, டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை, பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. ஓட்டுநருக்கும் சாலைக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது என்பது மரேயின் கொள்கை. 1998-இல் மணிக்கு 386 கி.மீ. தொட்ட கார் அது. மற்றொன்று அமெரிக்காவின் டாட்ஜ் வைப்பர். 8 லிட்டர் வி-10, 400 குதிரைத்திறன், இதிலும் ஏபிஎஸ் இல்லை, டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை, ஏர்பேக்கூட இல்லை. இவற்றோடு இங்கிலாந்தின் டிவிஆர் நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். அதன் முதலாளி பீட்டர் வீலர், இப்படிப்பட்ட மின்னணு உதவிகள் ஓட்டுநருக்குப் பொய்யான துணிச்சலைத் தருகின்றன என்று சொல்லி, தன் கார்களில் அவற்றை வைக்கவே மறுத்தார்.

வீலரின் வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில டாக்சிகளில் ஏபிஎஸ், சிலவற்றில் இல்லை. விபத்து எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியை ஓட்டியவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டியதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கால்குலேட்டர் கையில் இருக்கும் பிள்ளை வாய்ப்பாடு படிக்காத கதை. மனித சுபாவம் இது.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி. துணிச்சல் கூடுவது ஓட்டுநரின் தவறு என்றால், அதற்குத் தண்டனையாகப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பாதுகாப்பை ஏன் கழற்ற வேண்டும்? வாய்ப்பாடு படிக்காத பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் பார்க்க வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தால் ஜனங்கள் ஓரமாக நடப்பார்கள் என்று சொல்லிச் சுவரை இடிப்போமா?

மெக்லாரன் எஃப்1 வைத்திருந்தவர்களில் ஒருவர் நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த மிஸ்டர் பீன், ரோவன் அட்கின்சன். கார்ப் பைத்தியம் உள்ளவர், பந்தயம் ஓட்டியவர், பல வருடம் அதே காரை ஓட்டிப் பழகியவர். 2011-இல் இங்கிலாந்தில் ஒரு சாலையில் அந்தக் கார் சறுக்கி மரத்தில் மோதியது. நல்லவேளை, அவர் சிறு காயத்தோடு தப்பினார். பழுது பார்க்கக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு!

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களின் நாயகன் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார். காரை ஓட்டியவர் அவருடைய நண்பர், அவரும் இறந்துபோனார். கார், போர்ஷே கரேரா ஜிடி, 600 குதிரைத்திறனுக்கு மேல், வி-10, பின்சக்கர இயக்கம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் காரில் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தது. இஎஸ்பி வகை ஏற்பாடு இல்லை. தம்பி இருந்தான், அண்ணன் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று நான் சொல்ல மாட்டேன். விசாரணை சொன்னது வேறு இரண்டு விஷயங்கள். மணிக்கு 72 கி.மீ. வரம்புள்ள சாலையில் கார் 129 முதல் 150 கி.மீ. வேகத்தில் போயிருக்கிறது. டயர்கள் 9 வருடம் பழையவை. ரப்பர் வயதானால் இறுகிவிடும், பார்க்கப் புதிதாக இருந்தாலும் பிடிக்காது. எந்த மின்னணுப் பெட்டியும் புதிதாகப் பிடிமானத்தை உற்பத்தி செய்யாது. இருக்கிற சம்பளத்தைச் சரியாகப் பங்கிடத்தான் அதற்குத் தெரியும்.

அமெரிக்க அரசு 2007-இல் விதி கொண்டுவந்து, 2012 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் இஎஸ்பி வகை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அவர்களுடைய சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாகவே விபத்துக்குள்ளாகும் கார்களின் எண்ணிக்கை இதனால் 34 சதவீதம் குறையும், எஸ்யூவி வண்டிகளில் 59 சதவீதம். ஐரோப்பாவில் 2014-க்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. விளைவு என்ன தெரியுமா? எந்த உதவியும் வேண்டாம் என்று மார்தட்டிப் பிறந்த அந்த வைப்பர், 2013 மாடலில் இஎஸ்பியோடு வந்தது. அது அப்போது 640 குதிரைத்திறன். அதில் அது இல்லாமல் விற்றிருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்திருக்குமோ.

மிச்சிகன்காரனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் இரண்டு குறிப்பு. பல கார்களில் அந்தப் பட்டனை ஒருமுறை தட்டினால் தம்பி மட்டும்தான் தூங்குவான். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அண்ணனும் தூங்கிவிடுவான். உங்கள் காரில் எது எப்படி என்று கையேட்டைப் படியுங்கள், நண்பர்களைக் கேட்காதீர்கள். பனியிலோ மணலிலோ சக்கரம் புதைந்து நகராமல் நின்றால் அணைக்கலாம், சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி வெளியே வரும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிட வேண்டும். கோடை டயர்கள் குளிரில் இறுகும், 7 டிகிரிக்குக் கீழே போனால் 460 குதிரைகளை நம்பி அந்த டயர்களில் போகாதே அப்பா. குளிர்கால டயர் வாங்கு.

"ஃபார்முலா 1 பந்தயத்திலேயே டிராக்ஷன் கண்ட்ரோலைத் தடை செய்திருக்கிறார்களே, அப்போ அது வேண்டாத பொருள்தானே?" என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் போன்ற அணிகள் அதை வைத்து மற்றவர்களை விட்டு வெகுதூரம் ஓடின. 1994-இல் தடை வந்தது. ஆனால் மென்பொருளுக்குள் யார் எதை ஒளித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தேகமும் சண்டையும் ஓயாததால் 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து எல்லோருக்கும் அனுமதித்துவிட்டார்கள். 2008-இல் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி மின்னணுப் பெட்டி கொடுத்து மறுபடி தடை. ஆக, ஆபத்து என்பதால் நீக்கவில்லை. வெற்றி ஓட்டுநரின் காலால் வர வேண்டும், பெட்டியால் வரக்கூடாது என்பதற்காக நீக்கினார்கள். தேர்வு அறையில் கால்குலேட்டர் கூடாது என்பதற்காக மளிகைக் கடைக்காரர் கணக்கை மனதிலேயே போட வேண்டுமா? அதே பந்தய உலகில், நாம் சாலையில் பார்க்கும் ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 பிரிவில் டிராக்ஷன் கண்ட்ரோலும் உண்டு, ஏபிஎஸ்ஸும் உண்டு. ஸ்டீயரிங்கிலேயே குமிழ் இருக்கும். மழை பெய்தால் தொழில்முறை ஓட்டுநர்களே அதைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள்.

இதில் நம்மவர் ஒருவர் இரண்டு காலத்தையும் பார்த்திருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் டயர்ப் பிரச்சினையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். 2011, 2012-இல் எச்ஆர்டி அணிக்காகத் திரும்பி வந்தபோது அந்த உதவி தடை செய்யப்பட்டிருந்தது. சக்கரத்தை அடக்குவது முழுக்க அவர் வலது காலின் வேலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் வாயால் கேட்க எனக்கு ரொம்ப ஆசை. கோவையில் இருக்கும் என் மாணவர்கள் யாருக்காவது அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால், டீச்சர் கேட்கச் சொன்னதாகக் கேட்டுவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.